வெனிலா விமர்சகர்கள்

நண்பர் ஒருவர் அமெரிக்க விஸ்கிகளைப் பற்றித் தாம் எழுதிய கட்டுரை ஒன்றைப் படிக்கக் கொடுத்தார். இரண்டு போர்பன், ஒரு ரை. ஒவ்வொன்றுக்கும் மூக்கில் என்ன, நாக்கில் என்ன, தொண்டையில் இறங்கிய பின் மிஞ்சுவது என்ன என்று மூன்று பகுதி. முடிவில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண். முதல் போர்பனில் வெனிலா, காரமல், ஓக் மரம், மேப்பிள் பாகு. இரண்டாவதில் வெனிலா, டாஃபி, பதனிட்ட தோல், புகையிலை. மதிப்பெண் 93, 91 என்று இறங்குகிறது. இதே நண்பர் போன வருஷம் ஒரு கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதியிருந்தார். அதில் அடர்த்தி, பன்முகப் பரிமாணம், மௌனத்தின் வெளி, உள்முகப் பயணம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது எனக்குப் பயம்தான் ஏற்பட்டது. ஒரே ஆள் ஒரே விதமாகத்தான் இரண்டு காரியத்தையும் செய்திருக்கிறார். மேப்பிள் பாகை நண்பர் வாழ்நாளில் ருசித்ததில்லை. மௌனத்தின் வெளி விஷயத்தில் அவர் நிலைமை என்ன என்று நான் கேட்கவில்லை.

இலக்கியப் பத்திரிகையில் குடியைப் பற்றி எழுதலாமா என்ற ஒழுக்கவாதிகளின் கேள்வி என்னுடையது அல்ல. எழுதத்தான் வேண்டும். 1937-இல் சேலம் ஜில்லாவில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்த நாள் முதல் தமிழ் எழுத்தாளன் குடியை நினைத்து அழுதிருக்கிறான், அல்லது குடித்ததைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறான். குடித்தது நன்றாக இருந்ததா, ஏன் நன்றாக இருந்தது என்று யோசித்ததற்கு அதிக சாட்சியம் இல்லை. 1987 முதல் கள்ளுக்குத் தடை. எந்த மரத்துக் கள், எந்த வேளை இறக்கியது, கலயத்தில் சுண்ணாம்பு எவ்வளவு என்று நாக்கில் வைத்தே சொல்லத் தெரிந்த ஒரு தலைமுறை நம் கண்முன் செத்துக்கொண்டிருக்கிறது. 2003 முதல் சில்லறை மதுக்கடை முழுவதும் அரசாங்கத்தின் கையில். கடையில் கம்பிக்குப் பின்னால் இருப்பவரிடம் யாரும் ருசியைப் பற்றி விசாரிப்பதில்லை. விலையைச் சொல்லி, அளவைச் சொல்லிக் கையை நீட்டுகிறார்கள். இப்படி நாக்கைப் பறிகொடுத்த ஒரு சமூகத்தில், 2025 பிப்ரவரியில் மத்திய அரசு போர்பனின் இறக்குமதி வரியை 150 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாகக் குறைத்தவுடன், ஒரு சிறு கூட்டத்துக்குத் திடீரென்று நாக்கு முளைத்து ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்திருக்கிறது. (எங்கள் ஊர்க் கடைகளில் போர்பன் என்று கேட்டால் இன்றும் பிஸ்கட்டைத்தான் எடுத்து வைப்பார்கள்.)

வெனிலா பொய் என்று நான் சொல்லவில்லை. போர்பனுக்கு அமெரிக்கச் சட்டம் சில நிபந்தனைகள் போட்டிருக்கிறது: தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம், வடிக்கும்போது சாராயத்தின் வீரியம் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் ஊற்ற வேண்டும், ஊற்றும்போது வீரியம் 62.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. வண்ணமோ வாசனையோ சேர்க்கக் கூடாது. ரை விஸ்கி என்றால் ரை தானியம் 51 சதவீதம்; பீப்பாய் விதி ஏறக்குறைய அதேதான். மரத்தைத் தீயில் காட்டும்போது அதிலுள்ள லிக்னின் சிதைந்து வனிலின் பிறக்கிறது. அது வெனிலாக் காயில் இருக்கிற அதே ரசாயனம். மரத்தின் சர்க்கரைச் சத்து முறுகிப் பாகு மணம் தருகிறது. ஓக் மரத்துக்கே உரிய லாக்டோன் தேங்காய் மணம் தருகிறது. ஆகவே கென்டக்கிக்காரன் வெனிலா என்று எழுதினால் அவன் சரியாகத்தான் எழுதுகிறான். அவன் அம்மாவின் சமையலறையில் அந்தப் பாட்டில் இருந்தது. மேப்பிள் பாகு காலை உணவின் மேல் ஊற்றப்பட்டது. அவன் தன் ஞாபகத்தைத் துழாவி எடுத்த வார்த்தை அது. நம் நண்பர் துழாவியது அவனுடைய வார்த்தைகளை. அனுபவம் நடந்த இடம் ஒன்று, வார்த்தை வந்த இடம் வேறு. இந்த இடைவெளியில்தான் எல்லாப் போலி விமர்சனமும் பிறக்கிறது. மதுவானாலும் கவிதையானாலும் இது பொது.

எதிர்த் தரப்பு ஒன்று உண்டு. அவர்கள் இன்னும் அபாயமானவர்கள். "ருசி அவரவர் நாக்கு, இதில் உயர்வு தாழ்வு ஏது?" என்பார்கள். கேட்க ஜனநாயகமாக இருக்கிறது. இதைச் சொல்கிறவரே கல்யாணப் பந்தியில் சாம்பார் கருகிவிட்டது என்று எழுந்து போவார். அவர் வீட்டுக் காபியில் சிக்கரி ஒரு ஸ்பூன் கூடினால் மனைவியைக் கூப்பிடுவார். தனக்கு முக்கியமான எதிலும் அவர் அவரவர் நாக்கு என்று விடுவதில்லை. கவிதை அவருக்கு முக்கியமில்லை என்பதைத்தான் அவர் பெருந்தன்மை போலச் சொல்கிறார்.

ஒரு சாயங்காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். போடிக்கு மேற்கே, பொட்டிபுரம் போகிற வழியில் ஒரு நண்பரின் தோட்டத்து வீடு. பொட்டிபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நியூட்ரினோதான் ஞாபகம் வரும். எங்களுக்கு மலையிலிருந்து இறங்குகிற காற்றும் அதில் ஏலக்காயும். நாங்கள் ஐந்து பேர். கட்டுரை எழுதிய நண்பரும் இருந்தார். பெயர்களை மறைத்து ருசித்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. நான்கு தம்ளர்கள், அடியில் சாக்பீஸால் எண். வீட்டுக்காரர் மட்டும் உள்ளே போய் ஊற்றினார். ஒன்றில் கென்டக்கி போர்பன். இரண்டில் ரை. மூன்றில் நம் ஊர்க் கடையில் விஸ்கி என்ற பேரில் விற்பது. நான்கில் ஒன்றில் ஊற்றிய அதே போர்பனை மறுபடியும் ஊற்றியிருந்தார். இந்தக் கடைசித் தந்திரம் எங்களில் யாருக்கும் தெரியாது.

வீட்டுக்காரரின் உறவில் ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஏலக்காய்க் கமிஷன் கடையில் முப்பது வருஷம் ரகம் பார்த்தவர். குடிப்பதில்லை. "நீங்க குடிக்க வேண்டாம் அய்யா, மோந்து பாத்துச் சொல்லுங்க" என்று வேடிக்கையாகக் கேட்டோம். அவர் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டு, காயை நசுக்குகிற மாதிரி இரண்டு கையையும் தேய்த்து, ஈரம் காய்ந்த பிறகு முகர்ந்தார். வடிசாலைக்காரர்கள் அமெரிக்காவில் புதுச் சாராயத்தை இப்படித்தான் தேய்த்து முகர்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. ஒவ்வொரு தம்ளருக்கும் இடையில் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். நாங்கள் நால்வரும் அதற்குள் மதிப்பெண் போட்டு முடித்திருந்தோம்.

"ஒண்ணும் நாலும் ஒரே சரக்கு தம்பி" என்றார். "புது பீரோவத் தெறந்தாப்புல மர வாடை. பாகு கொஞ்சம் முறுகிப் போயிருக்கு. மரந்தான் பேசுது, தானியம் பேசல. ரெண்டாவதுல தானியம் இருக்கு. மல்லி வறுத்த மாதிரி, மூக்கு நுனியில மொளகு. மரமும் இருக்கு, ஆனா அது அடக்கல." மூன்றாவதற்கு உள்ளங்கையை எங்களிடமே நீட்டினார். "பாருங்க, இதுல ஒண்ணுமே இல்ல. மேலாப்புல ஒரு எசன்ஸ். ஊதுனாப் போயிரும்." போயிருந்தது.

கட்டுரை எழுதிய நண்பர் ஒன்றாம் தம்ளருக்கு 93-உம் நான்காம் தம்ளருக்கு 84-உம் போட்டிருந்தார். அவரைச் சிரிக்க எனக்கு யோக்யதை இல்லை. மூன்றாம் தம்ளருக்கு என் காகிதத்தில் "மென்மையான வெனிலா" என்று எழுதியிருந்தேன். நிறத்தைப் பார்த்தே எழுதியிருக்கிறேன். தேன் நிறம். அந்த நிறம் பீப்பாயிலிருந்து வந்ததல்ல, காரமல் கலந்தது. போர்தோ பல்கலைக்கழகத்தில் திராட்சை ரசம் பற்றிப் படிக்கிற 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்த சோதனை 2001-இல் வெளியாயிற்று. அவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய வார்த்தைகளையே எழுதினார்கள். அதைப் படித்துச் சிரித்தவன் நான்.

பெரியவர் சொன்னதில் ஒரு முழு மதிப்பீடு இருக்கிறது. அதை விரித்துச் சொல்வது விமர்சகன் வேலை. போர்பனின் பலமும் பலவீனமும் அந்தப் புதுப் பீப்பாய்தான். ஸ்காட்லாந்துக்காரன் பெரும்பாலும் ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயை வாங்கி வைக்கிறான். போர்பனுக்கோ ஒவ்வொரு தடவையும் கருக்கிய புது மரம். அது தருவதையெல்லாம் முதல் தடவையே கொட்டிவிடுகிறது. மக்காச்சோளம் இயல்பில் மெதுவான தானியம், இனிப்பு தவிர வேறு எதிர்ப்பு அதனிடம் இல்லை. ஆகவே நடுத்தர போர்பன்கள் பலவும் ஒன்றைப் போலவே மற்றொன்று இருக்கின்றன. மேக்கர்ஸ் மார்க் போன்ற சிலவற்றில் கலவையில் ரைக்குப் பதிலாகக் கோதுமை சேர்க்கிறார்கள், இன்னும் வழவழப்பு. ரை தானியம் காரம் உள்ளது, மரத்தோடு சண்டை போடுகிறது. அந்தச் சண்டை காதில் விழுகிற ரையை நான் எந்த வழவழப்பான போர்பனுக்கும் மேலாக வைப்பேன். இது என் நாக்கின் தனி விருப்பம் என்று யாராவது சொன்னால், உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்கட்டும்; நான் காரணம் சொல்லியிருக்கிறேன், மறுக்கிறவரும் காரணம் சொல்லட்டும். நம் புதுக்கவிதையில் பாதிக்கு மேல் இந்த மரத்தின் பேச்சுதான். மொழிபெயர்ப்பில் படித்த ஐரோப்பியக் கவிதையின் தொனி என்ற பீப்பாயில் எல்லோரும் ஊற்றி வைக்கிறார்கள். தஞ்சாவூர்க்காரனும் நாஞ்சில்நாட்டுக்காரனும் எடுத்து ஊற்றும்போது ஒரே மணம். தானியம் எங்கே?

ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் கவிஞர்களின் பெயர்களை மறைத்துக் கவிதைகளை மாணவர்களுக்குக் கொடுத்து அபிப்ராயம் எழுதச் சொன்னார். 1929-இல் வந்த அந்தப் புத்தகத்தை ஆங்கிலம் பி.ஏ. படித்த எல்லோரும் பரீட்சைக்காகப் படித்திருக்கிறோம். யாரும் வீட்டுக்கு வந்து அதைச் செய்து பார்த்ததில்லை. இந்தப் பத்திரிகையில் கடந்த வருஷங்களில் வந்த மதிப்புரைகளில் மூன்றை எடுத்து, கவிஞர் பெயரையும் நூலின் பெயரையும் அழித்துவிட்டு, எந்த மதிப்புரை எந்தத் தொகுதிக்கு என்று பொருத்தச் சொன்னால் எழுதியவர்களாலேயே முடியுமா? என்னுடைய மதிப்புரையையும் சேர்த்தே கேட்கிறேன். ரசனையும் பட்டியலும் போதும் என்று க.நா.சு. இருந்தார். அது போதாது, அலசிக் காட்டு என்று சி.சு. செல்லப்பா நின்றார். செல்லப்பாவின் முதல் எழுத்தான சின்னமனூர் எங்களுக்குப் பக்கத்து ஊர் என்பதால் நான் அவர் பக்கம் பேசவில்லை. க.நா.சு.வின் பட்டியலுக்குப் பின்னால் ஒரு மூக்கு இருந்தது. செல்லப்பா கேட்டது அந்த மூக்கு தன் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று. இன்று நம்மிடம் பட்டியல் இருக்கிறது, அலசல் மாதிரியான வார்த்தைகளும் இருக்கின்றன. மூக்கைத்தான் காணோம்.

இன்னொரு வியாதி. 2004-இல் பெங்களூரின் அம்ருத் சிங்கிள் மால்ட் முதலில் விற்பனைக்கு வந்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில். அதே கம்பெனியின் ஃப்யூஷனை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று ஜிம் மர்ரே தம் 2010 பதிப்பில் எழுதினார். அதற்குப் பிறகுதான் அது நமக்கும் நல்ல விஸ்கி ஆயிற்று. கர்நாடகத்துக்குப் பக்கத்து மாநிலத்தில் இருந்துகொண்டு, தபாலில் லண்டன் சுற்றி வந்த அபிப்ராயத்தை ருசித்தோம். தமிழ்க் கவிஞன் ஒருவன் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட மறுநாள் அவனைப் பற்றி நம் தொனி எப்படி மாறுகிறது என்று கவனித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவிடம் கற்றுக்கொள்ள விரும்பினால் வெனிலாவுக்கு முந்திய ஒரு பாடம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே விஸ்கி என்று விற்றதில் கணிசமான பங்கு வெறும் எரிசாராயத்தில் நிறமும் பழச்சாறும் புகையிலையும் கலந்தது. எட்மண்ட் டெய்லர் போன்ற வடிசாலைக்காரர்களும் கருவூல மந்திரி கார்லைலும் சேர்ந்து 1897-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரசாங்கப் பூட்டுக்குள் நான்கு வருஷமாவது வைத்து, 50 சதவீத வீரியத்தில் அடைத்தால்தான் புட்டியில் அந்த முத்திரை. ருசியைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரி கூட இல்லை. இது இன்னது, இன்னாருடையது, இன்ன வயது: அவ்வளவுதான். விமர்சனம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்க முடியும். அந்தச் சட்டம் வந்த நாட்டிலேயே இந்தப் பாடம் மறந்து போகிறது என்பதும் உண்மை. இண்டியானா மாநிலத்தின் லாரன்ஸ்பர்க்கில் ஒரே பெரிய வடிசாலை 95 சதவீத ரை வடிக்கிறது. அதை வாங்கிப் பல கம்பெனிகள், பாட்டன் காலத்துச் செய்முறை என்றெல்லாம் கதை எழுதி ஒட்டுகின்றன. அயோவா மாநிலத்துச் சரக்கு என்று நம்ப வைத்ததாக டெம்பிள்டன் ரை மேல் வழக்குப் போட்டு, 2015-இல் கம்பெனி சமரசம் செய்துகொண்டது. ஒரே சரக்கு, பத்துக் கதை. முன்னுரையையும் பின்னட்டையையும் படித்துவிட்டுப் புத்தகத்தைப் படிக்கிற நமக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

நம் நிலைமைக்கு வருவோம். இந்தியாவில் விஸ்கி என்று விற்பதில் பெரும் பகுதிக்கு ஆதாரம் கரும்பு ஆலையின் மொலாஸஸிலிருந்து வடித்த எரிசாராயம். அதில் வண்ணமும் வாசனையும், சிலவற்றில் கொஞ்சம் மால்ட்டும். ஐரோப்பாவில் இதை விஸ்கி என்ற பேரில் விற்க முடியாது. அங்கே தானியமும் மூன்று வருஷ மரமும் கட்டாயம். கரும்புச் சாராயம் கேவலமானது என்று நான் சொல்லவில்லை. ரம் என்ற பேரில் அது கௌரவமாக வாழ முடியும். தன் பேரில் வாழ அதற்கு அனுமதி இல்லை என்பதுதான் அசிங்கம். இந்தப் பொய்ப் பேருக்குள்ளேயே பிறந்து வளர்ந்த நாக்குக்கு எதை வைத்து எதை ஒப்பிடத் தெரியும்?

ருசியின் எல்லையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மெத்தனாலை எந்த நாக்காலும் கண்டுபிடிக்க முடியாது. திண்ணைப் பெரியவராலும் முடியாது. அவர்கள் நம்பியது ருசியை அல்ல, விற்றவனை. புட்டிக்குள் இருப்பது இன்னது என்று உண்மையாகச் சொல்லப்படாத ஊரில் மேப்பிள் பாகு பற்றி எழுதுவது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

என் ஊர் மட்டும் புனிதம் என்று நினைத்துவிட வேண்டாம். ஏலக்காய்க்கு அக்மார்க் தரம் இருக்கிறது. ஆலப்புழைப் பச்சை எக்ஸ்ட்ரா போல்டு என்றால் 7 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்க வேண்டும். ஒரு லிட்டர் படியில் 435 கிராம் எடை நிற்க வேண்டும். அடுத்த தரத்துக்கு 6 மில்லிமீட்டர், 415 கிராம். அளவு, எடை, நிறம். மணத்தை அளக்கச் சல்லடை கிடையாது. மலையில் ஐந்தாறு கிலோ பச்சைக்காய் ஸ்டோரில் காய்ந்து ஒரு கிலோவாகக் கீழே வருகிறது. வருவதற்கு முன்பே நிறம் போகாமலிருக்கச் சோடாக் கரைசலில் முக்குகிறவர்கள் உண்டு. பச்சைச் சாயமே ஏற்றி அதிகாரிகளிடம் பிடிபட்டவர்களும் உண்டு. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அன்றைக்கும் வாங்கியவன் பார்த்தது திரையில் ஓடுகிற விலையையும் தட்டில் இருக்கிற பச்சையையும்.

நண்பர்கள் கிளம்பிப் போன பிறகு பெரியவரிடம் இதைக் கேட்டேன். முப்பது வருஷத்தில் மணத்தைப் பார்த்து எத்தனை தடவை விலை வைத்திருக்கிறீர்கள் என்று. சட்டைப் பையிலிருந்து ஒரு காயை எடுத்து நகத்தால் பிளந்து காட்டினார். உள்ளே கறுத்த, பிசுபிசுத்த அரிசி, நன்றாக விளைந்தது. தோல் மட்டும் வெளுத்துப் போயிருந்தது.

"இது மூணாந்தரம் தம்பி" என்றார். "வீட்டுக்கு நான் இதத்தான் வாங்குறது. கடையில வெல கண்ணுக்குத்தான், மூக்குக்கு இல்ல. எனக்குச் சம்பளம் கொடுத்தது கண்ணுதான்."

காயை என் கையில் போட்டுவிட்டு எழுந்து போனார். கட்டுரை எழுதிய நண்பரின் பிரதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஒன்றாம் தம்ளருக்கும் நான்காம் தம்ளருக்கும் எதிரே அவர் எழுதிய காகிதத்தையும் என் மூன்றாம் தம்ளர்க் காகிதத்தையும் அதோடு சேர்த்துத் திருப்பி அனுப்புகிறேன். அவர் அதையும் சேர்த்து அச்சிடத் தயார் என்றால், நானும் தயார்.